நாடிக்கோட்டில் பதினோரு நொடி

அன்று மத்தியானம் என் மனைவி ஆவுடை அடுக்களை வாசலில் உட்கார்ந்து சொதிக் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே சுவர்த்திரையில் யோரிஸ் ஹெல்டனின் ‘பனிக்கொட்டகை’ ஓடியது. படத்தின் அடிவிளிம்பில் நாடிக்கோடு சிவப்பாக நடுங்கியபடி போயிற்று.

“இந்தப் பிள்ள நெசமாவே அழுதிருக்காளா?” என்று கேட்டாள்.

“கோடு அப்படித்தான் சொல்லுது.”

“கோடு இல்லைன்னா உங்களுக்குத் தெரியாதோ?”

“முப்பது வருசமா படம் பாக்கேன். எது அழுகை, எது நடிப்புன்னு தெரியாமலா இருப்பேன்?”

அவள் முகத்தைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “அப்ப இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

“வெங்காயம்.”

“ஆகா, கெட்டிக்காரரு.” முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கறிவேப்பிலை இல்ல. அந்த மனுவ எழுதி முடிச்சிட்டுத்தான் கடைக்குப் போவேன்னா சொதி நாளைக்குத்தான், கேட்டியளா.”

மனுவை முடித்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கத்தியை முறத்தின் ஓரமாக வைத்திருந்தாள். பாதி வெங்காயம் உரிக்காமல் கிடந்தது. இதயம் நின்று அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர்.

அந்த மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நாடிவாசியைப் பற்றி.

ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் முகத்தோல் இம்மியளவு நிறம் மாறுகிறது. மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவுக்குத் தெரியும், தெரிந்ததைப் பதிந்தும் வைத்திருக்கிறது. எவ்வளவு பழைய படமாக இருந்தாலும் அந்த நிறமாற்றத்தைப் பிரித்தெடுத்து, மூச்சோடும் கண்மணியின் விரிவோடும் சேர்த்துப் பார்த்து, திரையில் இருப்பவர் அந்த நொடியில் உண்மையில் என்ன உணர்ந்தார் என்று சொல்லிவிடும் கருவிதான் நாடிவாசி. நடிப்பென்றால் பச்சைக் கோடு. மெய்யான வேதனை என்றால் சிவப்பு.

கருவி வந்த இரண்டே வருடத்தில் ஊர் மாறிவிட்டது. தாலி கட்டும்போது பெண்ணின் கோடு என்ன நிறம் என்று சம்பந்தி வீட்டார் வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். மேடையேறும் தலைவர்கள் நாடி மறைக்கும் பூச்சைக் கழுத்துவரை அப்பிக்கொண்டார்கள். சினிமாவில் அந்தப் பூச்சுக்குத் தடை. பிறகு சட்டம் வந்தது. ஒரு படத்தில் எங்காவது தொடர்ந்து ஒரு நிமிடம் சிவப்பு நின்றால் அந்தப் படம் இருட்டறைக்குப் போகும். எடுத்தவரே கேட்டாலும் காட்டமாட்டார்கள். சிவப்பு நிற்காத படத்துக்குத் தூய படம் என்று முத்திரை.

ஹெல்டனின் ஒன்பது படங்களில் ஏழு இருட்டறைக்குப் போயின. கதாநாயகி ஆனெலீஸிடம் அவளுடைய தாய் இறந்துவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டுக் கேமராவை ஓட்டியவர் அவர். அதைப் பேட்டிகளில் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். மிஞ்சிய இரண்டில் ஒன்றான ‘பனிக்கொட்டகை’யையும் இருட்டறைக்கு அனுப்பப்போகிறார்கள் என்றுதான் நான் மனு எழுதினேன்.

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்திய திரைக்கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படம் முடிந்ததும் தேநீர் வரும். தம்ளர் காலியாகும்வரை இயக்குநரின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. அவர் குடிகாரரா, பெண்டாட்டியை அடித்தவரா, கேள்வியே இல்லை. படத்தை மட்டும் பேச வேண்டும். விதியை எழுதியவன் நான். ஆவுடைதான் தேநீர் போடுவாள். ஒருமுறை, “எனக்கு ஒண்ணு புரியல. போட்டது நான்னு தெரிஞ்சாத்தான் டீ நல்லாருக்குன்னு சொல்லுதிய. படத்துக்கு மட்டும் ஆளு வேண்டாமாக்கும்?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மனுவில் ஹெல்டனுக்காக வாதாடியதோடு நின்றிருக்கலாம். கடைசிப் பத்தியில் என்னையும் சேர்த்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் நான் எடுத்த ஒரே படம் ‘இடுப்பளவு நீர்’. இருபத்திரண்டு நிமிடம். தாமிரபரணியில் நின்றபடி ஒரு பெண் தம்பியின் சாவைக் கேட்டு அழும் காட்சிக்காக அதை இன்றும் சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து வந்த நடிகைக்கு அழுகை வரவில்லை. அவளை அனுப்பிவிட்டு, படப்பிடிப்புக்குச் சமைத்துக்கொண்டிருந்த ஆவுடையை ஆற்றில் இறக்கினேன். கேமரா ஓட ஆரம்பித்ததும், லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி சங்கரன் கயத்தாறு பக்கத்தில் வண்டி கவிழ்ந்து இறந்துவிட்டான் என்று கரையிலிருந்து சொன்னேன். ஹெல்டனிடம் கற்ற பாடம்.

‘அந்த நான்கு நிமிடம் நடிப்பல்ல. ஒரு பொய்யால் நான் பெற்ற உண்மை அது. அதற்காக வெட்கப்படவில்லை’ என்று மனுவை முடித்திருந்தேன். அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அடுக்களையில் முறம் நகரும் சத்தம் நின்றிருக்க வேண்டும்.

மனு பத்திரிகையில் வந்தது. ஹெல்டனின் படம் தப்பவில்லை. என் படத்துக்கு அழைப்பாணை வந்தது. நானே ஒப்புக்கொண்டிருக்கிறேனே, வாசித்துப் பார்க்காமல் விடுவார்களா?

என்னிடம் இருந்த பிரதியை முன்பே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இருப்பது காப்பகத்தில் ஒன்றுதான். ஆவுடை கேமராவைப் பார்த்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்பவள். அசைகிற, பேசுகிற ஆவுடை உலகத்தில் அந்தப் படத்தில் மட்டுமே மிச்சம். கோடு சிவந்தால் அதுவும் இருட்டறைக்குப் போய்விடும். பச்சையாக இருக்க வழியே இல்லை. நான் செய்தது எனக்குத் தெரியும்.

வாசிப்பு நாளன்று சங்கரனும் கூட வந்தான். லாரியை விட்டு ஏழெட்டு வருடமாகிறது. படம் பற்றி அவனிடம் நான் ஒருபோதும் பேசியதில்லை. படத்துக்காக நான் வாயால் சாகடித்தவனிடம் என்ன பேச?

காப்பகத்தில் வாசிப்பாளர் ஜெபசெல்வி எங்களை உட்காரச் சொன்னார். நாற்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாத பெண். “சிவப்பு வந்தா நிறுத்தச் சொல்லுவீங்களா சார்? சிலர் சொல்லுவாங்க. ஆனா நிறுத்த முடியாது.”

“ஓட்டுங்கம்மா.”

தலைப்பு வந்தது. பெயர் அட்டைகள் வந்தன. ஆறு வந்தது. பதினேழாவது நிமிடத்தில் ஆவுடை இடுப்பளவு நீரில் நின்றாள். இருபத்தாறு வயது. ஈரப் புடவை. கரையிலிருந்து என் குரல் கேட்டது. அவள் முகம் உடைந்தது. தண்ணீரை இரண்டு கையாலும் அறைந்தாள். தம்பியின் பெயரைக் கூப்பிட்டு அந்த அழுகை அழுதாள். பக்கத்தில் சங்கரன் மூக்கை உறிஞ்சினான்.

நான் கோட்டைப் பார்க்கவில்லை. ஜெபசெல்விதான் சொன்னார்.

“பச்சை சார்.”

“என்னது?”

“நாடி எழுபத்திரண்டு. அசையவே இல்லை. முழுக்க நடிப்பு. ரொம்ப நல்ல நடிப்பு.”

“உங்க மெஷின்ல கோளாறு. அவளுக்கு நடிப்பே தெரியாது. நான் பொய் சொன்னேன், அவ நம்பினா.”

“கோளாறு இல்ல அத்தான்,” என்றான் சங்கரன்.

திரும்பினேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கு நீங்க வேனுக்குப் பின்னால நின்னுக்கிட்டு கேமராக்காரர்ட்ட ஒத்திகை பாத்திய. ‘எப்படிச் சொன்னா நம்புவா, கயத்தாறுன்னு சொல்லட்டா, கங்கைகொண்டான்னு சொல்லட்டா’ன்னு. அந்தப் பக்கம் அக்கா சோறு வடிச்சிக்கிட்டு இருந்திருக்கா. சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்த பொம்பளையோட போன்ல இருந்து என்னைக் கூப்பிட்டா. ‘எலே, உசுரோடதான இருக்கே?’ன்னு கேட்டா. நான் கோயில்பட்டியில டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“ஏன்டே, இத்தன வருசமா…”

“படம் வந்தப்புறம் சத்தியம் வாங்கிட்டாள்லா. ‘அவருக்கு இது ஒண்ணுதான் அமைஞ்சிருக்கு. கெடுத்திராத’ன்னா. அன்னைக்கு போன்ல நான்கூடக் கேட்டேன், அவரு உனக்குப் பண்ணுனது சரியா அக்கான்னு. ‘அழுது காட்டிட்டு, அப்புறமா எப்படி என் நடிப்புன்னு கேட்டு அவர் மூக்க உடைக்கேன் பாரு’ன்னு சிரிச்சா.”

அவள் என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை.

“சார்,” என்றார் ஜெபசெல்வி. “கடைசியில கொஞ்சம் சிவப்பு இருக்கு.”

படத்தின் கடைசிக் காட்சி அது. அழுகை முடிந்து, ஆவுடை தண்ணீரில் நின்றபடி கரையைப் பார்க்கிறாள். முதலில் உதட்டோரம் ஏதோ சிரிப்புபோலத் தொடங்கும். பிறகு அது அப்படியே வடிந்து, முகம் வெறுமையாகும். விமர்சகர்கள் அந்தப் பார்வையைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். துக்கம் மனிதரைக் கடந்து போனபின் மிஞ்சும் வெறுமை என்று நானே திரைக்கழகத்தில் பேசியிருக்கிறேன். கேமராவை நிறுத்த மறந்ததால் கிடைத்த காட்சி அது. நான் ‘கட்’ சொன்னதற்குப் பிந்தியது.

கோடு நூற்று நாற்பதில் நின்றது.

“ஒலித்தடத்துல இதுக்கு இசை போட்டிருக்கீங்க. அடியில மூல ஒலி இருக்கு. கேக்கணுமா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் இசையை நீக்கினார். தண்ணீர்ச் சத்தம். அதற்கு மேலே என் குரல், இருபத்தெட்டு வருடம் இளைய குரல், கூத்தாடியது: “கெடச்சிருச்சுடே! கெடச்சிருச்சு! ஓட்டிக் காட்டு, ஓட்டிக் காட்டு!”

பதினோரு நொடி. அவ்வளவு நேரமும் அவள் கரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். சங்கரனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்வதற்காக.

எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். நன்றாகவே ஞாபகம் வந்தது. எடுத்ததைக் கேமராவின் சின்னத் திரையில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். எல்லோரும் கை குலுக்கினார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பந்தியில், அவள் எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். “சங்கரன் நல்லாத்தான் இருக்கான். சும்மா சொன்னேன்.” அவள், “சரி. அப்பளம் வைக்கட்டா?” என்று கேட்டாள். அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ‘சரி’யை ஹெல்டனுக்குக் கடிதமாகக்கூட எழுதினேன்.

“பதினோரு நொடி கணக்குல வராது சார்,” என்றார் ஜெபசெல்வி. “ஒரு நிமிஷம் தொடர்ந்து நிக்கணும். உங்க படம் தூய படம்.” கொஞ்சம் தயங்கி, “வாழ்த்துகள்,” என்றார்.

சங்கரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவும் கூசுகிறது. ஹெல்டனின் காலத்தில் வாழ்ந்தும் நடிகரை நோகடிக்காமல் அழவைத்த இயக்குநர் என்று என்னைப் பற்றி எழுதினார்கள். மனுவில் நான் பொய்யாகப் பெருமையடித்துக்கொண்டேனாம். படம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாம். திரைப்படக் கல்லூரி ஒன்று நெறிமுறை வகுப்பெடுக்கக் கூப்பிட்டது. வேறொரு ஊரில் சால்வை போட்டார்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் உண்மையைச் சொன்னேன். கோடு பச்சை என்று பதில் சொன்னார்கள். தன்னடக்கம் என்றார்கள்.

ஒரே ஒரு காரியம் செய்ய நினைத்தேன். காப்பகத்துக்குப் போய், பெயர் அட்டையில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அந்தக் காட்சி நடிப்பில்லை என்று நம்பியதால் நடிகர் பட்டியலில் ஆவுடையின் பெயரை நான் போட்டிருக்கவில்லை. திருப்பி அனுப்பிய மதுரை நடிகையின் பெயர் இருக்கிறது.

ஜெபசெல்வி முழுக்கக் கேட்டார். “முத்திரை விழுந்த படத்துல ஒரு சட்டகத்தையும் தொட முடியாது சார். எழுத்தும் சேர்த்துத்தான். மாத்த முடிஞ்சா முத்திரைக்கு அர்த்தம் இல்லையே.”

“யார் கிட்ட மனு போடணும்?”

“மனுவா?” என்றார்.

இப்போது திரைக்கழகத்தில் ‘இடுப்பளவு நீர்’ வருடம் ஒருமுறை திரையிடுகிறார்கள். நான் கடைசி வரிசையில் உட்காருகிறேன். தேநீர் கடையிலிருந்து வருகிறது. படம் தொடங்கிய நாற்பதாவது நொடியில் நான்காவது பெயர் அட்டை வரும். கறுப்பில் வெள்ளை எழுத்து.

உணவு: வை. ஆவுடையம்மாள்.