பதினோராவது சாக்கு

"ஐயோ... சாக்கக் காணல்ல!"

ஜுனைதா போட்ட கூச்சலில் வரம்பில் நின்ற கொக்குகள் ஒன்றுவிடாமல் பறந்தன!

1954. மாசி மாதம். பகல் ஒன்றரை மணி. இறக்காமத்து வயல்வெளி.

காணாமற்போனது ஒரு சாக்கு நெல். வாயில் சிவப்பு அரக்கு முத்திரை.

மருத மரத்தடியில் சோற்றுப் பார்சலோடு இருந்த இருவர் கை கழுவாமலே ஓடி வந்தார்கள்.

ஒருவர் செல்லத்தம்பி. பல்கலைக்கழகப் பொருளியல் விரிவுரையாளர், மட்டக்களப்பார்.

மற்றவர் சிற்றம்பலம். கொழும்பிலுள்ள அரசாங்கத் திட்டக் கந்தோரின் உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்தார்.

இரண்டு இடமும் கூட்டாக நடத்தும் ஆராய்ச்சி. வாய்க்கால் தண்ணீர் எந்த வயல்வரை போகிறது? கால் ஏக்கர் அளந்து வெட்டி, சூடடித்து, சாக்கில் கட்டி, இருவரும் சேர்ந்து நிறுத்துக் கையெழுத்திட வேண்டும். சாக்கு இல்லையேல் அந்த வயலே ஆராய்ச்சியில் இல்லை!

ஜுனைதாவுடையது கடைசி வயல். ஆறு ஏக்கர், அவளுடைய சீதனம். கால் ஏக்கருக்கு ஐந்து சாக்கு தரவேண்டிய மண் இந்தமுறை தந்தது ஒன்றே ஒன்று. தண்ணீர் வருவதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

சாட்சி நின்றால் புது வாய்க்கால்.

இல்லாவிட்டால்... வயலை விற்க வேண்டியதுதான்!

"நான் லுஹர் தொழுதிட்டு வாறதுக்குள்ள சாக்குக்குக் கால் மொளச்சிட்டா?" என்றாள் ஜுனைதா.

செல்லத்தம்பி மெல்லத் திரும்பினார்.

"தண்ணி கடைசி வயல் வரைக்கும் போகுது எண்டு அறிக்கை எழுதினது உங்கட கந்தோர். சாக்கு தொலைஞ்சா ஆருக்கு லாபம், சிற்றம்பலம்?"

"என்ன ஐசே! நான் நெல்லுக் கள்ளனோ?"

"கால்சட்டைப் பையக் காட்டுங்க!"

"ஒரு சாக்கு நெல்லை என்ர கால்சட்டைப் பைக்கையோ?"

"கொழும்புத் தையல்... தாராளமாத்தானே இருக்கு!"

"தொரமாரே!" ஜுனைதா இடையில் பாய்ந்தாள். "சண்டையப் போற வழியில பிடிங்க. இப்ப சாக்கப் பிடிங்க! இங்க பாருங்க!"

மண்ணில் ஒரு தடம். கனமான எதையோ இழுத்த தடம்!

வரம்போடு வளைந்து வளைந்து... மேல் வயலின் களத்தில் போய் முடிந்தது.

அங்கே மேல் வயலின் சொந்தக்காரர், பெரும் நிலக்காரர் அபூசாலிப் போடியார். இரண்டு தடவை ஜுனைதாவின் வயலை விலைக்குக் கேட்டவர்.

"என்ன புள்ள, படையோட வாறாய்?"

"சாக்கத் தேடுறம், போடியார்."

"நல்லாத் தேடு. அந்த மூலையில இரிக்கிறது மட்டும் ஸகாத். பள்ளிவாசலுக்குப் போற பங்கு. ஒருத்தரும் தொடப்படாது!"

மற்றச் சாக்குகளை எல்லாம் புரட்டினார்கள். முத்திரை இல்லை!

செல்லத்தம்பியின் முகம் வாடியது. ஜுனைதாவின் கண்கள் மட்டும் அந்த மூலையை விட்டு அசையவில்லை.

"இந்தப் பத்து ஏக்கர்ல எத்தின சாக்கு வெளஞ்ச, போடியார்?"

"எருநூறு! அல்லாட கிருபை."

"தண்ணி எறைக்கிற மிசின் போட்டா?"

"சீச்சீ! மழைத் தண்ணி மட்டுந்தான். வாய்க்கால் தண்ணி முழுக்க ஒனக்குத்தானே வருது!"

"அப்ப மழை வெள்ளாமைக்குப் பத்தில ஒண்டு. ஸகாத் இருவது சாக்கு இரிக்கணுமே?"

போடியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்!

மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று. செலவழித்து இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். தெரியாதவர்கள் இரண்டே பேர்... பல்கலைக்கழகமும் கொழும்பும்!

"இல்ல... இருவதில ஒண்டு... சரியாத்தான் எடுத்து வச்ச..."

"இருவதில ஒண்டுண்டா மிசின்!"

"மிசின்... வாய்க்கால்ல... கொஞ்சமா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது!

"எழுதுங்க தொர! வாய்க்கால்ல மிசின்!"

சிற்றம்பலத்தின் பேனா பறந்தது.

"ஓம், மிசின் வச்சன்!" போடியார் குமுறினார். "ஆனா ஒன்ட சாக்க நான் எடுக்கல்ல! அல்லாட பங்கில ஒரு மணி கொறச்சவன் இல்ல நான்!"

"கொறைக்கல்ல, போடியார்..." ஜுனைதா சிரித்தாள். "கூட்டிட்டீங்க! எருநூறுக்கு இருவதில ஒண்டு பத்து. மூலையில பதினொண்டு இரிக்கி!"

செல்லத்தம்பி எண்ணினார். சிற்றம்பலமும் எண்ணினார். இரு நிறுவனங்களும் முதல் தடவையாக ஒரே எண்ணைச் சொன்னன!

தலைகீழாய் நின்ற கடைசிச் சாக்கைப் புரட்டினார்கள்.

அடியில் மறைந்திருந்த வாயில்... சிவப்பு அரக்கு!

"ஐசே," சிற்றம்பலம் முணுமுணுத்தார், "எங்கட படிவத்தில நூற்றி நாப்பது கேள்வி. ஸகாத் எவ்வளவு எண்ட இந்த ஒண்டைக் கேக்கேல்லையே!"

தராசு வந்தது. நிறுத்தார்கள். இரண்டு கையெழுத்தும் விழுந்தன. வாய்க்கால் உறுதி!

போடியார் தலையைக் குனிந்தபடி சாக்கைத் தள்ளினார்.

"கொண்டு போ புள்ள, ஒன்ட நெல்ல."

"அதெப்புடி? பள்ளிப் பங்கோட வச்சத நான் திருப்பி எடுக்கிறதா? அது பள்ளிக்கே போகட்டும்..."

ஜுனைதா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அதுக்குப் பதிலா எனக்கு அந்த மிசினத் தாங்க!"