வெளியே நாற்பத்திரண்டு, உள்ளே முப்பத்து நாலு

வெளியே அளந்தால் நாற்பத்திரண்டு அடி. சுவர்களின் கனத்தைக் கழித்தால் உள்ளே முப்பத்தெட்டு இருக்க வேண்டும். முப்பத்து நாலுதான் இருந்தது. ஆத்மநாதன் மூன்றாவது முறையாக டேப்பைச் சுருட்டினார்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலு வருடமாகிறது. அரண்மனைப் பெண்கள் குடியிருந்த இந்தக் கட்டடத்தை இடித்து ஆபீஸ் கட்ட உத்தரவு வந்திருந்தது. பழமையானது, காக்க வேண்டியது என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தால் ஒரு பகுதியாவது தப்பும். படம் வரைகிற அவருக்கு இன்று சாயங்காலம்வரைதான் நேரம்.

"நாலடி எங்கிட்டுப் போச்சு, மலையாண்டி?"

திருக்கோகர்ணத்துக் கொத்தனார் மலையாண்டி வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "அங்கிட்டு வெத்தெடம் இருக்குங்க."

முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் மலையாண்டி அந்தச் சுவரில் பெயர்த்த செங்கற்களுக்குப் பின்னாலிருந்து வந்த காற்று குளிர்ந்து, நேற்றுப் பூசிய வீட்டைப்போல ஈரச் சுண்ணாம்பும் கடுக்காயும் மணத்தது, அதற்கும் அடியில் தலையிலேயே வாடிப்போன மல்லிகையின் புளித்த வாடை இருந்தது. ஆள் நுழையும் அளவுக்குத் துவாரம் ஆனதும் மலையாண்டி கையை உள்ளே விட்டு அந்தச் சுவரின் மறுபக்கத்தைத் தடவினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். விரல்களில் வெள்ளை. ஈரம்.

"ஐயா, இந்தச் சொவர வெளிய நின்னு கட்டலைங்க."

"பெறகு?"

"பூச்சு உள்பக்கம் இருக்கு. உள்ள இருந்தவுகதான் கட்டி அடைச்சிருக்காக." கரண்டியைக் கீழே போட்டார். "நான் போறேங்க. நீங்களும் வந்துருங்க."

அவர் காலடிச் சத்தம் முற்றத்தைத் தாண்டித் தேய்ந்தது. ஆத்மநாதனுக்கும் ஓடத் தோன்றியது. இந்த அறை படத்தில் ஏறாவிட்டால் நாளை கடப்பாரை விழும். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து நுழைந்தார்.

யாருமில்லை. எலும்பில்லை, துணியில்லை. கதவோ சன்னலோ இருந்த தடமும் இல்லை. சுவர் முழுக்க விரல் தடங்கள். சின்ன விரல்கள். அகலத்தை அளந்து எழுதினார்.

சளக்.

ஈரக் கலவையை வழிக்கும் சத்தம்.

"மலையாண்டி?"

சளக்.

வெளிச்சம் குறைந்தது. திரும்பினார்.

துவாரத்தின் முன்னே, உள்பக்கம், அவருக்கு முதுகைக் காட்டி ஒருத்தி குந்தியிருந்தாள். முழங்கைவரை சுண்ணாம்பு. அவசரமே இல்லாமல் கல்லின்மேல் கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீக," என்றாள், திரும்பாமலே. "இனி யாரும் இடிக்க மாட்டாக."

வெயில் ஒரு செங்கல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவள் கை அடுத்த கல்லை எடுத்தது.