வகுப்பு வாசலில் ஒரு தூண்

“யாருங்க இந்த ஃபைலைக் கொண்டுவந்தது? கடையையே தூங்க வச்சிட்டீங்க!”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கையில் இருப்பதை எறிந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம்... அவ்வளவு கோபத்தில் இருந்தாள். வெளியே மழை கொட்டியது. உள்ளே, பெரிய தாளில் வரைபடம் அச்சடிக்கும் மிஷின் வாயைப் பிளந்துகொண்டு சும்மா நின்றது. கம்ப்யூட்டர் திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“நான்தான். இப்ப என்ன?”

“ஒரு பள்ளிக்கூடத்தோட கீழ்த்தளம்னு பேர் போட்டிருக்கு. உள்ள ஊரையே வச்சு அடைச்சிருக்கீங்களா?”

“வரிசையில நிக்க வந்தவங்க நில்லுங்க. உபதேசம் யாரும் கேட்கல.”

பிரிண்ட் கடை அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சண்டைன்னா வெளிய போய்ப் போடுங்கம்மா... ஐயோ, வெளிய மழை. சரி, மெதுவாப் போடுங்க.”

அவள் திரும்பினாள். எதிரே ஓர் இளைஞன். அவன் மூக்குக்கண்ணாடியில் மழைத்துளிகள்... அதற்குப் பின்னால் தூக்கம் கெட்டுச் சிவந்த இரண்டு கண்கள். சிடுசிடுக்கிற கண்கள்தான். ஆனால் இமை இவ்வளவு அடர்த்தியாக... சீ! இப்போது பார்க்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?

அவன் கையிடுக்கில் ஒரு தாள்சுருள். அதன் ஓரத்தில் அச்சடித்திருந்த ஆபீஸ் பெயரைப் படித்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

“நீங்க... அந்தத் தூண் ஆபீஸா?”

அவனும் திரையில் இருந்த பெயரை அப்போதுதான் கவனித்தான். “ஓ. வாசலுக்கு நடுவுல தூண் நட்ட ஆபீஸ் நீங்களா?”

“நாங்களா நட்டோம்? தூணுக்குக் கணக்குப் போட்டது நீங்க!”

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தை வரைந்தது அவளுடைய அப்பாவின் ஆபீஸ். தூண்களும் உத்தரங்களும் இவனுடைய பொறுப்பு. வகுப்பறைக் கதவு இடம் மாறியபோது தூணும் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்துத்தான் சைட்டில் குறி போட்டார்கள். இப்போது வகுப்பு வாசலில், ஒரு குழந்தைகூட ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் என்கிற மாதிரி, கான்கிரீட் தூண் ஒன்று கம்பீரமாக நிற்கிறது. நாளைக்குப் பள்ளி நிர்வாகி அம்மா கூட்டம் போட்டிருக்கிறார். யார் மேல் தப்போ, அந்த ஆபீஸ் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் கையெழுத்தை அதற்கப்புறம் யார் நம்புவார்கள்?

“தூணை நகர்த்தி நான் புது ஃபைல் அனுப்பினேன்,” என்றான் அவன்.

“அனுப்பினீங்க. அதை எங்க ஃபோல்டர்ல போட்டதும் நான்தான். உங்க தூண் படத்தை எங்க படத்துக்குள்ள ஒட்டாம, ஃபோல்டர்லேர்ந்து எடுத்துக் காட்டுற மாதிரிதானே வச்சிருக்கோம்? பழசை எடுத்துட்டுப் புதுசை வச்சா அது தானா மாறிக்கணும். மாறலன்னா என்ன அர்த்தம்? நீங்க அனுப்பினதே பழசு!”

“தானா மாறிக்கும்னு விட்டுட்டீங்க. திறந்து பார்க்கல?”

“உங்களை நம்பினேன். அதுதான் என் தப்பு!”

இந்த நேரம் பார்த்து நீல வட்டம் நின்றது. திரை முழுக்கக் கோடுகள் விரிந்தன. அவன் “தள்ளுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் தள்ளவில்லை. தோளுக்கு மேலாகவே எட்டிப் பார்த்தாள்.

“வெளியிலேர்ந்து வர்ற படங்களோட பட்டியல் இது. பாருங்க.”

பட்டியல் காலியாக இருந்தது.

“ஒண்ணுகூட இல்லையே...” அவள் குரல் இறங்கியது.

“இருக்கு. உள்ள இருக்கு.” அவன் படத்தின் அடுக்குகளைக் காட்டும் லேயர் பட்டியலைத் திறந்தான். பெயர்கள் ஆறு மாதிரி ஓடின. “இது எங்க ஆபீஸ் வைக்கிற பேர். நடுவுல டாலர் குறி, பூஜ்யம், மறுபடி டாலர் குறி. வெளிப் படத்தைப் பிடிச்சு நிரந்தரமா உள்ள பதிச்சுட்டா இந்தத் தழும்பு விழும். அதுக்கப்புறம் ஃபோல்டர்ல நீங்க எத்தனை புதுசு வச்சாலும் இது திரும்பிப் பார்க்காது.”

“இது... எங்க பேர். ஆனா ரெண்டு தழும்பு இருக்கே?”

“உங்க படத்துக்குள்ள எங்க படம். அதுக்குள்ள பின்னணிக்கு நாங்க வச்ச உங்க பழைய படம். மொத்தமும் பதிஞ்சிருக்கு. படிக்கட்டு, மேஜை, நாற்காலி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. ஃபைல் ஊதாம என்ன செய்யும்?” அவன் திரும்பினான். முகம் மிக அருகில் இருந்தது. “யார் பதிச்சது?”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆபீஸில் அப்படிச் செய்கிறவர் ஒரே ஒருவர்தான். வாய் வரை வந்த பெயரை விழுங்கினாள். கண் கலங்கியது... கலங்கியதற்காக இன்னும் கோபம் வந்தது.

“அது எங்க வீட்டு விஷயம்,” என்று சொல்லிவிட்டு, பிரிண்ட்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

“அம்மாடி, காசு...” என்று எழுந்த அக்கா, அவன் கதவையே வெறித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “சார், கதவு மூடித்தான் இருக்கு. போனவங்க போயாச்சு,” என்றாள்.

வீட்டில் அப்பா சாப்பாட்டு மேஜையில் இருந்தார். அவள் தலைகூடத் துவட்டவில்லை.

“தூண் படத்தை உள்ள பதிச்சது நீங்கதானேப்பா?”

“ஆமா. அதுக்கென்ன? மெயில்ல அனுப்பினா அந்தப் படம் வரல, இந்தப் படம் வரலன்னு பத்துப் பேர் போன் பண்றான். மொத்தத்தையும் உள்ள வச்சு அனுப்பிட்டா தொல்லை விட்டது.”

“தொல்லை வகுப்பு வாசல்ல நிக்குதுப்பா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் நான் மவுஸைத் தொடணுமா?” அப்பா தட்டைத் தள்ளினார். “நாளைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது. அவங்க லேட்டா அனுப்பினாங்க. அவ்வளவுதான்.”

“பொய்ப்பா அது.”

“என் தலை இந்த வயசுல குனியணும்னு ஆசைப்படறியா? சொல்லு.”

அவள் தன் அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

மறுநாள் கூட்டம், கட்டி முடியாத அந்த வகுப்பறையிலேயே நடந்தது. வாசல் தூணைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே வந்தார்கள். நிர்வாகி அம்மா பருமன். பக்கவாட்டில் திரும்பி, புடவையில் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வந்தார்.

“சொல்லுங்க. இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கிட்டது யாரு?”

அப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் அவன் எழுந்துவிட்டான். அவளைப் பார்க்கவில்லை.

“எங்க தப்புதாம்மா. புது ஃபைலை நான் தாமதமா அனுப்பிட்டேன். நானே இந்த வேலையிலேர்ந்து விலகிக்கிறேன்.”

அப்பாவின் தோள் தளர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த மூச்சுதான் அவளைச் சுட்டது.

“பொய்!”

எல்லாரும் திரும்பினார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள். குரல் நடுங்கவில்லை.

“அவர் சரியான நேரத்துக்கு அனுப்பினார். எங்க ஃபைலுக்குள்ள பழைய தூண் பதிஞ்சு கிடந்தது. நான் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது.”

“உட்காரு!” அப்பா கத்தினார். கத்திவிட்டு அவரே எழுந்தார். முகம் கறுத்திருந்தது. “பதிச்சது நான். அவளுக்குத் தெரியாது. போதுமா? எல்லாருக்கும் திருப்தியா?” தூணில் தோள் இடித்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார்.

நிர்வாகி அம்மா அவள் பக்கம் திரும்பினார். “தூணை இடிச்சு ஒழுங்கா நட்டுக் கொடுங்க, உங்க ஆபீஸ் பொறுப்பு. உண்மையைச் சொன்ன நீங்கதான் இனிமே கையெழுத்துப் போடணும். உங்கப்பா மவுஸைத் தொட வேணாம்,” என்று எழுந்தார்.

அவன் வாசல் படியிறங்கும்போது அவள் ஓடிவந்து பிடித்துவிட்டாள்.

“நில்லுங்க! உங்களை யாரு தியாகம் பண்ணச் சொன்னா?”

“யாரும் சொல்லல...”

“அப்புறம்? பாவம், பொண்ணு அழுதுடுச்சேன்னு இரக்கமா? என் தப்பைச் சொல்ல எனக்கு வாய் இல்லையா?”

“நேத்து பார்த்தேனே. வாய் நல்லாவே இருக்கு.”

“சிரிக்காதீங்க. கொலைவெறியில இருக்கேன்.”

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“ரெண்டு வருஷமா உங்க படம்தான் என் மேஜைக்கு வருது. ஒவ்வொரு வகுப்பிலயும் குழந்தை உட்கார்ற பக்கம் ஜன்னல் வச்சிருப்பீங்க. அந்த வெளிச்சத்தை மறைக்காம தூணை எங்க நிறுத்தறதுன்னு மண்டையை உடைச்சுக்குவேன். யார்டா இது, இவ்வளவு பிடிவாதம்னு திட்டிக்கிட்டே... அடுத்த படம் எப்ப வரும்னு காத்துக்கிட்டும் இருப்பேன். நேத்து கடையில கண் கலங்கினது அந்த ஆள்தான்னு தெரிஞ்சதும்...” நிறுத்தினான். “எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

இந்த மனுஷனை என்ன செய்வது? காது மடல் ஏன் இப்படிச் சுடுகிறது?

“இதுதான் கடைசி. இன்னொரு தடவை எனக்காகப் பொய் சொன்னீங்கன்னா...”

“சொன்னா?”

“கல்யாணமே பண்ணிக்க மாட்டேன் உங்களை!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. அந்தப் பக்கம் சைட்டில் சம்மட்டிச் சத்தம்கூட ஒரு கணம் நின்றது போலிருந்தது.

“அப்போ...” அவன் குரல் உள்ளே போய்விட்டது. “சொல்லலன்னா?”

“அதைத்தானே இப்ப சொன்னேன்!”

“கொஞ்சம்... கோபமில்லாம சொல்லுங்களேன். மனசுல வச்சுக்க.”

“முடியாது!” கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு. “உங்களைப் பிடிச்சிருக்கு. எனக்கு இப்படித்தான் சொல்ல வரும். வேணும்னா வச்சுக்கங்க!”