மென்ற சோறு

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குடியிருப்பில் காலைச் சோறு முடிந்ததும் தவசீலியின் கடைவாய்ப்பல் பேசியது. "நானூறு முறை மென்றாயிற்று. தாயும் சேயும் நலம்." உடனே கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது.

கருவுற்ற பெண்களுக்கு அங்கே மூன்றாம் மாதம் பல்லுக்குள் மெல்லெண்ணி பதிப்பார்கள். எவ்வளவு மென்றாள் என்பதை அதுவே நிர்வாகத்துக்குச் சொல்லிவிடும். பனிப்பாறை உடைக்கப் போகும் புருசன்மாருக்கு அது பெரிய நிம்மதி. பச்சையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. அவள் புருசன் இருளப்பனும் அப்படித்தான் போனான்.

நாலாம் மாதம் ஒருநாள் அவன் சொன்னான்: "என்னா புள்ள, இப்பவே இப்படி அகலமாயிட்ட. காத்தடைப்புக் கதவ இடிச்சுக் கட்டச் சொல்லணும் போலருக்கே."

"சொல்லுங்க, சொல்லுங்க," என்று அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் நன்றாக மென்றாள். மென்றதைத் துப்பினாள். வீம்பு இல்லை, தட்டைப் பார்த்தாலே இன்னும் அகலமாகிவிடுவோமோ என்று பயம். வயிற்றுப் பிள்ளையை நினைத்து அழுவாள், அழுதுகொண்டே துப்புவாள். பல்லுக்குள் இருந்த எந்திரத்துக்கு மெல்லுவது தெரியும். விழுங்குவது தெரியாது.

ஏழாம் மாதம் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை. அன்றே பிள்ளை பிறந்தது. பெண், எண்ணூறு கிராம்.

மருத்துவர் செபஸ்தியாள் கேட்டார்: "தம்பி, உங்க வீட்டம்மா சாப்பிடுறதக் கண்ணால பாத்தீங்களா?"

"வெளக்கு எரிஞ்சுச்சும்மா," என்றான் இருளப்பன். "தெனமும் எரிஞ்சுச்சு."

கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை மூன்று நாள் மூச்சோடு மல்லுக்கட்டியது. நாலாம் நாள் விட்டுவிட்டது. ஒரு முழக் குழி போதுமாயிருந்தது.

துக்கம் கேட்கக் குடியிருப்புப் பெண்கள் வந்தார்கள். இருளப்பன் வேலைக்குப் போகாமல் கஞ்சிக் கிண்ணத்தோடு அவளெதிரே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வாய் குடி புள்ள. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு மடக்கு தொண்டைக்குள் இறங்கியதை அவன் கண்ணால் பார்த்தான்.

பக்கத்து வீட்டுப் பேச்சியக்காள், ஆறுதலாக ஏதாவது சொல்லணுமே என்று தவசீலியின் கன்னத்தைத் தடவினாள்.

"அழுவாத தாயி. ஒண்ணு சொல்லட்டா? புள்ள பெத்த ஒடம்பு மாதிரியே இல்ல ஒனக்கு. கல்யாணத்தன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்க."

அத்தனை நாள் செத்துக்கிடந்த முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. தவசீலி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நெசமாவாக்கா?" என்று கேட்டாள்.