எதிர்வீட்டைவிட ஒரு அங்குலம்

செவ்வாய்க்கிழமை காலை ஏகவல்லி கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு படி கூடியிருந்தது. நேற்று வரை தெருவிலிருந்து அவளுடைய இட்லிக் கடைக்கு இறங்க ஏழு படி. இன்று எட்டு.

பத்து வாரங்களுக்கு முன்னால் அவள் வாசல் தெருவைவிட ஒன்பது அங்குலம் உயரத்தில் இருந்தது. அப்போது இட்லி சாப்பிட ஏறி வந்தவர்கள், இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள்.

சாலைப் பொறியாளர் தணிகாசலம் எட்டாவது படியை எதிர்பார்க்கவில்லை. தடுமாறி, நேராக இட்லிப் பானையின் முன்னால் வந்து நின்றார்.

"இன்னா சார், ரோடு போட உங்களுக்கு வேற தெருவே கிடைக்கலையா?"

"நான் போடச் சொல்லவே இல்லக்கா. சத்தியமா எனக்கே புரியல."

அவர் சொன்னது உண்மை. தாழம்பேட்டில் சாலை போடுவதற்கு யாரும் உத்தரவிடுவதில்லை. சுற்றிலும் நாற்பது மாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்ட பிறகும், நடுவில் நான்கு தெருக்களோடு ஊராகவே தங்கிவிட்ட இடம் அது. அங்கே சாலையைக் கவனிப்பது ஒரு தானியங்கி. அரசாணையில் அதன் பெயர் சாலைவார்ப்பி. ஊரில் தார் ஆமை. செவ்வாய் விடியலில் ஊர்ந்து வரும். ஒவ்வொரு வாசலும் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று பார்க்கும். ஒன்பது அங்குலத்தைத் தாண்டியிருந்தால் வயதானவர்களால் ஏற முடியாது என்று கணக்கிட்டு, தெருவை அந்த அளவுக்கு உயர்த்தித் தார் வார்க்கும். பள்ளத்தில் ஏதாவது வீடு மாட்டிக்கொண்டால், அதற்கு ஒரு படியும் வார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போகும். கடமை தவறாத ஜீவன்.

பள்ளத்தில் இருந்தது ஏகவல்லியின் வீடு மட்டுமே. மற்ற நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் எழுகால்கள் உண்டு.

அந்தக் காலத்தில் சென்னையில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். வீடு தாழ்ந்துபோகும், மழைநீர் கூடத்துக்குள் வரும். உடனே அஸ்திவாரத்தை அறுத்து, இருநூறு ஜாக்கிகளைச் செருகி, விசிலுக்கு ஒரு திருகு என்று ஆட்கள் வீட்டையே தூக்குவார்கள். அதைத்தான் எழுகால் இப்போது தானாகச் செய்கிறது. சுவருக்கு அடியில் எண்ணெய் அழுத்தத்தில் நீளும் எஃகுக் கால்கள். வாசலில் மட்டக்கண் என்னும் சிறு கருவி. மட்டக்கண் உயரத்தைப் பார்த்துச் சொல்லும், கால்கள் நீளும். வாரத்துக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் எழக் கூடாது என்பது சட்டம்.

ஏகவல்லியின் வீட்டில் மரபுத் துறை ஒரு பித்தளைத் தகடு அடித்திருந்தது: 'மரபுக் கட்டடம். தொடக் கூடாது.' செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம். மற்றவர்கள் எழுகால் பொருத்தத் தொடங்கியபோதே, தன் வீட்டையும் தூக்க அனுமதி கேட்டு அவள் மனுப் போட்டாள். பதினோரு வருடம் ஆகிறது.

"பன்னெண்டு படி ஆச்சுன்னா என் வூட்ட நிலவறைன்னு எழுதிடுவாங்களாம். நிலவறையில அடுப்பு எரியக் கூடாதாம்," என்றாள் ஏகவல்லி. "இன்னும் நாலு செவ்வாக்கிழமை சார். அப்புறம் நீங்க உங்க ஆமைகிட்டயே இட்லி வாங்கித் தின்னுங்க."

தணிகாசலத்துக்கு இட்லி இறங்கவில்லை. வீடுகள் தெருவைவிட ஒன்பது அங்குலம் உயரம் கேட்கின்றன. ஆமை சரியாக அதைத் தருகிறது. அத்துடன் எல்லாம் நின்றுவிட வேண்டும். ஏன் நிற்கவில்லை?

அன்று மாலை மட்டக்கண்களின் பதிவுகளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு எதிரெதிரே இருந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் தெருவுக்கு அழைத்தார். ஒருவர், ஓய்வு பெற்ற மெட்ரோ ஓட்டுநர் கோதண்டபாணி. மற்றவர், நீச்சல் பயிற்சியாளர் ரோசலின்.

"சார், உங்க மட்டக்கண்ல என்ன அளவு வெச்சிருக்கீங்க?"

"ஒரே ஒரு அங்குலம் தம்பி," என்றார் கோதண்டபாணி.

"எதுக்கு மேல?"

அவர் தொண்டையைச் செருமினார். "எதிர்வீட்டுக்கு மேல."

"நீங்க மேடம்?"

"அதேதான். அந்தக் கம்பெனிக்காரப் பையன் புதுசா அப்படி ஒரு வசதி வந்திருக்குன்னான். எதிர்வீட்டைவிட நம்ம வாசல் தாழ்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். கோதண்டபாணியின் வீடு ஒரு அங்குலம் எழுகிறது. அதைப் பார்த்து ரோசலினின் வீடு இரண்டு அங்குலம் எழுகிறது. அதைப் பார்த்து இது இன்னும் இரண்டு. சட்டம் தடுக்கும்வரை ஏறிவிட்டு, அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கின்றன. பின்னாலேயே ஆமை வந்து தெருவை ஏற்றுகிறது. தெரு முழுவதும் எல்லாரும் அதே வசதியைத்தான் வாங்கியிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் இறக்கிடுங்களேன்."

"அந்தம்மா முதல்ல இறக்கட்டும்."

"நானா? அவர் வாசல்ல நின்னு பல்லு விளக்கினா என் தலையில துப்புற மாதிரி இருக்கு!"

"மேடம், என் வீட்டுக்கு ஒரு மாசமா குழாய்த் தண்ணி ஏறல. குளிக்கவே வழியில்ல, பல்லு எங்க விளக்கறது?"

"பார்த்தாலே தெரியுதே!"

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. யாரும் யாருக்கும் மேலில்லை. எதிர்வீட்டுக்குச் சமம் என்று எல்லா மட்டக்கண்ணிலும் மாற்றினார்கள். தணிகாசலம் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் இறங்கியபோது எட்டு படிகளுக்கு மேல் ஒரு அங்குல உயரத்துக்குக் குட்டிப் படி ஒன்று இருந்தது.

"ஆமை குட்டி போட்டிருக்கு சார்," என்றாள் ஏகவல்லி.

காரணம் அவருக்கு உடனே புரிந்தது. மட்டக்கண் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கான அரை நூல் வித்தியாசம் கண்டாலும், வெள்ளத்துக்குப் பயந்து மேல்பக்கமாகவே திருத்தும். இது அதைப் பார்த்து அரை நூல், அது இதைப் பார்த்து அரை நூல். இட்லித் தட்டின் ஓரத்தில் இரண்டு டம்ளர்களை நிறுத்தி அவளுக்கு விளக்கினார்.

"இதுக்கு அது அளவுகோல், அதுக்கு இது அளவுகோல். ரெண்டும் சேர்ந்து ஏறினா ரெண்டுக்கும் தெரியாதுக்கா. நவுராத ஒண்ணு வேணும். அதுலேர்ந்துதான் அளக்கணும். இந்தத் தெருவுல அப்படி எதுவுமே இல்லையே!"

ஏகவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் சார், உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு? தொடக் கூடாதுன்னு பித்தளையிலயே எழுதி ஒட்டியிருக்காங்களே."

தணிகாசலம் குனிந்து வாசற்கல்லைப் பார்த்தார். சட்னி வாளியை நகர்த்தினார். கல்லின் பக்கவாட்டில் ஒரு கிடைக்கோடும், அதைத் தொடும் அம்புக்குறியும் செதுக்கப்பட்டிருந்தன. எப்போதோ ஏரியை அளக்க வந்த நில அளவைக்காரர்கள் வெட்டியது. ஏரி நிரம்பினாலும் தண்ணீர் இந்தக் கோட்டைத் தொடாது என்று அர்த்தம். அதை நம்பித்தான், அந்தக் கல்லையே வாசற்கல்லாக வைத்து இந்த வீட்டை இந்த உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஏரி இருந்த இடத்தில் இப்போது கோபுரங்கள். கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லா மட்டக்கண்களும் இனி எதிர்வீட்டை விட்டுவிட்டு இந்தக் கல்லிலிருந்தே அளக்க, நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்துகள் வேண்டியிருந்தன. அதை ஏகவல்லி பார்த்துக்கொண்டாள். கையெழுத்துப் போடாதவர்களுக்கு வடை இல்லை. கோதண்டபாணி இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்.

வீடுகள் மெதுவாக இறங்கின. தார் ஆமையின் வயிற்றில் சுரண்டும் கத்தி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. யாரும் அதை வேலை வாங்கியதே இல்லை. தெரு பழைய மட்டத்துக்கு வந்த அன்று தபாலில் மரபுத் துறையின் கடிதமும் வந்தது: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. வீட்டைத் தூக்கிக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது.'

அரை மணி நேரத்தில் தெருவே கடை வாசலில் நின்றது.

"ஏகவல்லிம்மா, உங்க வீடு ஒரு அங்குலம் ஏறினா எங்க எல்லாரோடதும் ஏறுமே," என்றார் கோதண்டபாணி. அவர் அவளிடம் 'உங்க' என்று பேசியது அதுவே முதல் தடவை.

"மறுபடியும் முதல்லேர்ந்தா? வேணாங்க," என்றாள் ரோசலின்.

ஏகவல்லி கடிதத்தை மடித்து, எல்லாருக்கும் தெரியும்படி பித்தளைத் தகட்டின் இடுக்கில் செருகினாள். "தூக்க மாட்டேன். ஆனா சட்னியில உப்பு கம்மின்னு எவனாச்சும் சொன்னா, அப்ப யோசிப்பேன்."

அதன் பிறகு தாழம்பேட்டில் யாரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. தணிகாசலம் தன் அலுவலகக் கோப்பில் தீர்வை இரண்டே வரிகளில் எழுதினார்: எல்லா வீட்டு வாசல்களும் ஏகவல்லி வீட்டு வாசற்கல்லின் மட்டத்துக்குச் சமம். சாலை அதற்கு ஒன்பது அங்குலம் கீழே.