சாட்சிக்கு ரூம் இலவசம்

"ஐயோ... யாராவது மேல வாங்களேன்!"

மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பிய அந்த அலறல், லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படி வழியாகவே இறங்கி ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தை வந்தடைந்தது.

அந்த நேரம் பார்த்து டெய்லர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார். ஒரே ஒரு ராத்திரி. விடிஞ்சும் விடியாம கிளம்பிடுவோம். பெட்ஷீட்டுல ஒரு சுருக்கம் விழாது. விழுந்தா நானே இஸ்திரி போட்டுத் தரேன்."

"ரேட்டு ரேட்டுதான்," என்றார் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்ற மானேஜர். "இது ஹோட்டல்யா. சத்திரம் இல்ல."

அலறல் மறுபடியும் வந்தது.

"என்னமோ சத்தம் கேக்குது சார்," என்றார் டெய்லர்.

"ஏசி சத்தம்," என்றார் மானேஜர்.

ஏசி எந்த ஊரில் 'யாராவது வாங்களேன்' என்று சொல்லும்? இரண்டு ரூம் பாய்கள் படியேறி ஓடினார்கள். பெருக்க வந்த அம்மாள் முந்தானையை வாயில் பொத்தியபடி எதிரே இறங்கி வந்தாள்.

"முந்நூத்தி நாலுல... அந்தக் கல்லு வியாபாரி... ரத்தம்..."

அவ்வளவுதான். ஹோட்டல் அல்லோலகல்லோலப்பட்டது.

டெய்லர் மட்டும் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். மூலையில் கிடந்த சோபாவில், செருப்பைக் கழற்றி வீங்கிப்போன பாதங்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கிக்கொண்டு வந்தது.

பாவம். தூங்கியே இரண்டு நாளாகிறது.

அவள் ஒரு டிரைவர். சொந்த ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். நாளைக் காலை ஆறு மணிக்கு இந்தப் பெரிய நகரத்தின் பஸ் டிப்போவில் அவளுக்கு ஓட்டுநர் வேலைக்கான டெஸ்ட். வளைத்து வளைத்து நட்டிருக்கும் கம்புகளுக்கு நடுவே பஸ்ஸை ரிவர்ஸில் எடுக்க வேண்டும். மூன்று கம்பு சாய்ந்தால் வீட்டுக்குப் போகலாம்.

போன வருஷம் ரூம் கிடைக்காமல் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தே விடிய விடிய விழித்திருந்துவிட்டு டெஸ்ட்டுக்குப் போனாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு நொடி கண்ணயர்ந்தாள். மூன்று கம்பு அல்ல, முப்பது கம்பு சாய்ந்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் நாற்காலியும் சாய்ந்தது. நல்லவேளை, அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. நாற்பதுக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள்.

ஆக, இன்றைக்கு அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும். இல்லையென்றால் இந்த ஜென்மத்துக்கும் தண்ணீர் லாரிதான்.

காலையிலிருந்து பதினோரு ஹோட்டல் ஏறி இறங்கியாகிவிட்டது. எல்லாம் யானை விலை, குதிரை விலை. ஒரு இடத்தில் ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு ரேட், ஜன்னல் இருந்தால் ஒரு ரேட், ஜன்னல் திறக்கும் என்றால் இன்னொரு ரேட். இன்னொரு இடத்தில் சுவரில் மேசை டிராயர் மாதிரி வரிசையாகப் பெட்டிகள். உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ள வேண்டுமாம். "செத்தப்புறம் போற இடத்துக்கு இப்பவே எதுக்குங்க காசு?" என்று கேட்டுவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள். இது பன்னிரண்டாவது ஹோட்டல்.

கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. குள்ளம். ஆனால் அவர் நடந்து வந்தபோது உயரமானவர்கள் எல்லாம் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள்.

கல் வியாபாரிக்கு உயிர் இருந்தது. பின்னந்தலையில் பூ ஜாடியால் ஓங்கி ஒரு அடி. நினைவு தப்பியிருந்தது. ஆம்புலன்ஸ் தூக்கிக்கொண்டு போனது. இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த வைரக் கற்கள் மாயம்.

வெளியே போகிற எல்லா வழியையும் அடைத்து, ஊழியர்கள் எல்லாரையும் சோதனை போட்டுப் பார்த்தார்கள். பீரோ, பை, தலையணை... ஒன்றும் சிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"மூணு மணியிலேருந்து மூணரைக்குள்ள நடந்திருக்கு. யாராவது எதையாவது பார்த்தீங்களா? பார்த்திருந்தா பயப்படாம சொல்லுங்க. நாளைக்குக் காலைல ஆளை அடையாளம் காட்டணும், அதனால இன்னிக்கு இங்கயே தங்க வேண்டியிருக்கும். ரூமு, சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு."

கரும்பு தின்னக் கூலியா?

டெய்லரின் கை தானாக மேலே போனது. சத்தியமாக அவர் தூக்கவில்லை. அதுவாகப் போனது.

"நான் பார்த்தேன் மேடம்."

மூலை சோபாவில் இரண்டு கண்கள் பட்டென்று திறந்தன.

*

ஹோட்டலின் சின்ன ஆபீஸ் அறை. கதவு சாத்தியிருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"எங்க பார்த்தீங்க?"

"பாத்ரூம் தேடிக்கிட்டுப் பின்பக்கப் படியில ஏறினேன் மேடம். மூணாவது மாடியிலேருந்து ஒரு ஆளு வேகமா இறங்கிப் போனாரு."

"முகம்?"

"அந்தப் பக்கம் திரும்பியிருந்தாரு."

"அப்ப என்னத்தைத்தான் பார்த்தீங்க?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ரூம் போச்சு. டெய்லர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியது.

"தோள் பதினெட்டரை மேடம். கை இருபத்தஞ்சு. மார்பு நாப்பத்திரண்டு, இடுப்பு நாப்பது, தொப்பைக்கு ஒரு இன்ச் லூஸ் விடணும். இடது தோள் அரை இன்ச் ஏத்தம். கோட்டு போட்டிருந்தாரு, அதை அந்த ஏத்தத்துக்குத் தைக்காம விட்டுட்டாங்க. அதனால இடது பக்கம் கீழ்மடிப்பு தூக்கிக்கிட்டு நிக்குது."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"ஓடுற ஆளைப் பார்த்தா இவ்வளவும் சொல்றீங்க?"

"முப்பது வருஷத் தொழில் மேடம். டேப்பே வேண்டாம், கண்ணே அளந்துடும்."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"இவருக்கும் இவரு சம்சாரத்துக்கும் நல்ல ரூமாக் குடுக்கச் சொல்லு. ஜன்னல் திறக்கணும்."

வெளியே வந்து சாவிக்காகக் கவுண்ட்டரில் நின்றபோதுதான் டெய்லருக்கு உறைத்தது.

எதிரே மானேஜர். தோள் பதினெட்டரை. இடது பக்கம் அரை இன்ச் ஏற்றம். தூக்கிக்கொண்டு நிற்கும் கோட்டு.

அட, படுபாவி வாயே... பேரம் பேசிய இருபது நிமிடமும் எதிரே நின்ற ஆளை அப்படியே அளந்து கொடுத்துவிட்டதே!

*

"நிஜமாவே பார்த்தீங்களாங்க?" என்று கேட்டாள் மனைவி. மெத்தை அவளை இடுப்பு வரை உள்ளே வாங்கியிருந்தது.

"நீ தூங்கும்மா."

"பாத்ரூம் தேடிப் போனதா சொன்னீங்களாம். நீங்க அந்தக் கவுண்ட்டரை விட்டு நகரவே இல்லையே."

"நீ அப்ப கண்ணை மூடியிருந்தே."

"பொய் சாட்சி சொல்லி வாங்கின ரூமா இருந்தா நான் இப்பவே பெஞ்சுக்குப் போயிடுவேன், ஆமா சொல்லிட்டே..." என்றவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. குறட்டை முடித்து வைத்தது.

லாரி முதல் கியரில் மேடேறுகிற குறட்டை. அதைக் கேட்க டெய்லருக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே கனத்தது. ஒரு குற்றமும் செய்யாத மனுஷன் ஜெயிலுக்குப் போய்விட்டால்? சத்திரம் இல்லை என்று சொன்னதற்கா ஆயுள் தண்டனை?

விடியும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

*

ஐந்தரைக்கு மனைவி கிளம்பிப் போனாள். முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி பளிச்சென்றிருந்தது.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஹோட்டல் ஆண்கள் ஏழு பேரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"உங்க டேப்பை எடுங்க," என்றார் டெய்லரிடம். "ஒவ்வொருத்தரா அளந்து சத்தமாச் சொல்லுங்க. நேத்து நீங்க சொன்ன அளவு என் நோட்டுல இருக்கு."

டெய்லர் டேப்பை உருவினார். முதல் ஆள், சமையல்காரர். தோள் இருபது. இரண்டாவது, லிஃப்ட் ஆபரேட்டர். பதினாறு. இப்படியே ஆறு பேர்.

ஏழாவது, மானேஜர்.

"சீக்கிரம் முடிங்க. எனக்கு டூட்டி முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு," என்று எரிந்து விழுந்தார்.

டெய்லர் டேப்பைத் தோளில் வைத்தார். பதினெட்டரை. ஒரு நூல் பிசகவில்லை. 'கடவுளே, நேத்து ஒரு பொய் சொன்னேன், அதைச் சரிக்கட்ட இன்னிக்கு ஒண்ணு சொல்றேன், ரெண்டையும் கழிச்சுக்கோ' என்று வேண்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"தோள்... பதினேழு."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"கை... இருபத்திமூணு."

மானேஜர் மூச்சு விட்டார். டெய்லரும் மூச்சு விட்டார். எல்லாம் சுபம். டேப்பைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்திருக்கலாம்.

ஆனால் தொழில் விடுமா? கீழே குனிந்தவரின் கண் கோட்டின் அடி மடிப்பில் போய் நின்றது.

"சார், இந்தக் கோட்டை யார்கிட்டக் குடுத்தீங்க?"

"எதுக்கு?"

"நேத்து இடது பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. இன்னிக்குத் தொங்குது. உள்துணியை யாரோ சாக்குப் பை தைக்கிற மாதிரி தச்சிருக்கான். நூலு வேற கறுப்புக்கு நீலம். இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி எப்படி சார் நிக்கறீங்க?"

"அது... கிழிஞ்சிருந்துச்சு. பரவாயில்ல."

"உங்களுக்குப் பரவாயில்ல, எனக்குப் பத்திக்கிட்டு வருது. கழட்டுங்க. ரெண்டே நிமிஷம். பிரிச்சு ஒழுங்காத் தச்சுத் தரேன்."

"வேண்டாம்யா."

"காசு வேண்டாம் சார்."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

மானேஜர் இரண்டடி பின்னால் போனார். பின்னால் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"குடுங்களேன் சார்," என்றார் கனிவாக. "இந்த ஊர்ல எதுவாவது இலவசமாக் கிடைக்கறது இதுதான் முதல் தடவை."

கோட்டு கழன்றது. டெய்லர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். ஒரு வெட்டு. நூலைப் பிடித்து ஒரு இழுப்பு.

பொல பொலவென்று தரையில் கொட்டியது வெளிச்சம்.

வைரங்கள்! ஒன்று உருண்டு போய் சமையல்காரரின் செருப்பில் முட்டி நின்றது.

மானேஜர் கதவை நோக்கி ஓடினார். நான்கே எட்டு. கான்ஸ்டபிள் நீட்டிய காலில் தடுக்கிக் குப்புற விழுந்தார்.

விலங்கு பூட்டியதும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். மாற்றுச் சாவி போட்டு 304-ஐத் திறந்தாராம். பாதி வேலையில் வியாபாரி திரும்பி வந்துவிட்டாராம். கற்களை நேற்று முழுக்கக் கூடத்துப் பூந்தொட்டி மண்ணில் புதைத்து வைத்திருந்தாராம். வாசலில் பையைச் சோதிப்பார்கள், போட்டிருக்கும் கோட்டைப் பிரித்தா பார்ப்பார்கள் என்று ராத்திரி உட்கார்ந்து தைத்தாராம்.

"தையல் தெரியாதவன் ஊசியைத் தொடலாமா?" என்று டெய்லர் அவரைக் கடிந்துகொண்டார்.

*

இன்ஸ்பெக்டர் டெய்லரைத் தனியே அழைத்துப் போனார்.

"அந்தப் பின்பக்கப் படி ரெண்டாவது மாடியோட பூட்டிக் கெடக்கு. ஆறு மாசமா."

டெய்லர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம்..."

"நீங்க யாரையும் பார்க்கலைன்னு எனக்கு நேத்தே தெரியும். ஆனா அந்த அளவு கற்பனை இல்ல. யாரோட அளவுன்னு கவுண்ட்டரைத் தாண்டும்போதே புரிஞ்சுபோச்சு. அலறல் கேட்டும் ஏசி சத்தம்னு சொன்ன ஆளுன்னு ரூம் பாய் சொன்னான். சந்தேகம் இருந்துச்சு, கையில ஒண்ணும் இல்ல. டேப்பு மேல பட்டா வேர்க்குதான்னு பார்க்கத்தான் நிறுத்தினேன். நீங்க என்னடான்னா குறைச்சுச் சொல்றீங்க."

"ஒரு நிரபராதி என்னால மாட்டிக்கக் கூடாதுன்னு..."

"பொய் சாட்சிக்கு உங்களை உள்ள வைக்கலாம், தெரியுமா?"

"எத்தனை நாளைக்கு மேடம்?" என்று ஆவலாகக் கேட்டார் டெய்லர்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். "போய் மூட்டையைக் கட்டுங்க. ஹோட்டலுக்கு சீல் வைக்கப் போறோம். இவனுக்குக் கூட்டாளி இருக்கானான்னு ஒவ்வொரு ரூமாக் குடையணும்."

பதினோரு மணி. பூட்டிய ஹோட்டல் வாசலில் இரண்டு பைகளோடு டெய்லர் நின்றிருந்தார். தெருமுனையில் மனைவி வருவது தெரிந்தது. நடக்கவில்லை. கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

"ஒரு கம்பு... ஒரே ஒரு கம்பு கூட ஆடலைங்க! அந்த அதிகாரி எழுந்து நின்னு கை தட்டினாரு. வேலை கிடைச்சிடுச்சு. ஆர்டர் கையில இருக்கு!"

டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்க்குக் கிடைத்த தூக்கமோ, நிஜத்துக்குக் கிடைத்த தூக்கமோ, அவள் ஜெயித்துவிட்டாள். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார். அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு, குட்டிய இடத்தைத் தானே தடவிவிட்டாள்.

"சரி, எந்த ஊரு டிப்போ?" என்று கேட்டார் அவர்.

"இதே ஊருதான். திங்கக்கிழமை டூட்டி. ரிட்டயர் ஆகிற வரைக்கும் மாத்தலே கிடையாதாம்."

"தங்கறதுக்கு வீடு தருவாங்களா?"

"கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

டெய்லர் எதிர்ச்சாரியில் வரிசையாக நின்ற ஹோட்டல்களைப் பார்த்தார். பன்னிரண்டில் ஒன்று மூடியாகிவிட்டது. மிச்சம் பதினொன்று. ஒரே ஒரு ராத்திரிக்கே ஒரு மண்டை உடைய வேண்டியிருந்தது. இது இருபது வருஷ உத்தியோகம்.

பைகளைக் கீழே போட்டார். கிளம்பிக்கொண்டிருந்த ஜீப்பின் பின்னால் ஓடி, மூச்சிரைக்க அதன் கம்பியைப் பிடித்தார்.

"மேடம்... இந்த ஊர்ல மாசத்துக்கு எத்தனை கேஸ் சாட்சி இல்லாம நிக்குது?"