செத்துப்போன எலிகள் சாட்சி!

ட்ரிங்... ட்ரிங்...!

லொரெட்டா ரிசீவரை எடுத்தாள். செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் மாணவர்களைத் தேர்வு செய்யும் குழுவின் தலைவி.

"இன்னைக்கு இன்டர்வியூவுக்கு வர்ற மார்லா இருக்காளே... அவ ஆராய்ச்சி மொத்தமும் பொய்!" கர்ச்சீப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கரகரத்தது. "சீட் குடுத்தீங்க... காலேஜ் மானம் போயிடும்!"

டொக்!

அடுத்த நிமிடமே உள்ளே வந்தார் டாக்டர் ப்ரூயிட். குழுவில் இன்னொரு பெரிய தலை. எலிகளின் புற்றுநோயைக் குணப்படுத்திப் புகழ் பெற்றவர். மனிதர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.

லொரெட்டா விஷயத்தைச் சொன்னாள்.

"நெனச்சேன்!" என்றார். "வரட்டும் அவ!"

மார்லா வந்தாள். மற்ற கல்லூரிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. இதுவும் போனால் டாக்டர் கனவுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான்.

"ரெண்டு வருஷமா லேப்ல என்னம்மா கிழிச்சே?" ப்ரூயிட் ஆரம்பித்தார். "பாட்டில் கழுவினதை எல்லாம் ஆராய்ச்சினு எழுதிட்டு வந்துடறீங்க!"

"பாட்டிலும் கழுவினேன் சார். எலிக்கு மருந்தும் போட்டேன்."

"ரிசல்ட்?"

"வரல. எல்லா எலியும் செத்துப்போச்சு!"

ப்ரூயிட் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீங்களா லொரெட்டா? அனுப்புங்க வெளியில!"

லொரெட்டா சிரிக்கவில்லை. ஜெயித்த கதை அளப்பவர்களைத் தினம் பார்த்து அலுத்தவள். தோற்றதைச் சொல்பவள் இன்றுதான் வந்திருக்கிறாள். அவளுக்கு மார்லாவைப் பிடித்துவிட்டது.

"என்ன சோதனைம்மா அது?"

"புதுசு இல்ல மேடம். ஒருத்தர் பண்ணினதையே திரும்பப் பண்ணிப் பார்த்தோம். அவரோட எலியெல்லாம் பிழைச்சுதாம்..."

"யாரு அவரு?"

மார்லா ப்ரூயிட்டைப் பார்த்தாள். சொன்னால் சீட் போகும். சொல்லாவிட்டால் தூக்கம் போகும்.

"ப்ரூயிட் சார்."

"பொய்!" அவர் கத்தினார். "இவ ஃபிராடுனு போன்லயே ஒருத்தன் சொல்லிட்டானே!"

"ஒரு தடவை வந்ததை வெச்சு முடிவு பண்ணக் கூடாது மேடம்." மார்லா மேசைமேல் இருந்த போனைக் காட்டினாள். "லேப்ல திரும்பப் பண்ணிப் பார்ப்போம். நீங்களும் அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டுப் பாருங்களேன்."

கடைசியாக வந்த நம்பரைத் திரும்ப அழைக்கும் பட்டனை லொரெட்டா அழுத்தினாள்.

ட்ரிங்... ட்ரிங்...!

சத்தம் ப்ரூயிட்டின் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து வந்தது! ஆபீசுக்குத் தெரியாத இன்னொரு போன்.

"அது... வந்து... தற்செயலா..."

லொரெட்டா மறுபடி அழுத்தினாள்.

ட்ரிங்...!

"நீ உட்காரும்மா. ப்ரூயிட், நீங்க எந்திரிங்க!"

"ரெண்டு தடவையும் ஒரே ரிசல்ட் மேடம்!" என்றாள் மார்லா. "சாரோட ஆராய்ச்சியில இதுதான் முதல் தடவை!"